கடைசித் தேர்வு விமானம் ஏறும் முன்பா, இறங்கிய பின்பா? வெளிநாடு போக நினைக்கும் நர்ஸுகளுக்கு ஒரு ஒப்பீடு

"அக்கா, எந்த நாட்டுல சம்பளம் நல்லா இருக்கும்?"

மாதத்தில் நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஜி.என்.எம். டிப்ளமோவோ பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்து, சென்னையிலோ கோவையிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்றிரண்டு வருடம் டியூட்டி பார்த்த பிள்ளைகள். நான் சவூதியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். அதனால் எல்லா நாட்டுக் கணக்கும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். சம்பளத்தைச் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: கடைசித் தேர்வை எங்கே எழுதப் போகிறாய்? நம் ஊரிலா, போய் இறங்கிய ஊரிலா?

எந்த நாடாக இருந்தாலும் வெளியே படித்த நர்ஸிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. சான்றிதழும் அனுபவமும் உண்மையா, மொழி வருமா, தங்கள் நோயாளியை இவரிடம் நம்பி விடலாமா. முதல் இரண்டையும் பெரும்பாலும் இங்கிருந்தே காட்டிவிடலாம். மூன்றாவது கேள்விக்கு எங்கே வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் தகுதித் தேர்வை இங்கேயே எழுதி முடித்துவிடலாம். விமானத்திலிருந்து இறங்கும்போதே நீங்கள் நர்ஸ். இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி மூன்றிலும் கடைசிப் படி அங்கே போன பிறகுதான். அதைத் தாண்டும் வரை உங்களுக்கு அந்த நாட்டில் நர்ஸ் என்ற பெயர் கிடையாது. சம்பளமும் ஒரு படி கீழேதான்.

அந்த இடைப்பட்ட மாதங்களில் உடைந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்த அக்கா ஒருவர் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, கை கழுவும் ஏழு படிகளை ஒப்பித்துக்கொண்டே அழுதார். அவருக்கு ஊரில் வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. கடன் இல்லாமல் வந்திருந்தால் அதே தேர்வை அவர் நிதானமாக எழுதியிருப்பார். அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைக்கிறேன்.

வளைகுடா: சீக்கிரம் தொடங்கலாம், நிலையாகத் தங்குவது கடினம்

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான வழி இது. ஆவணங்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சரிபார்க்கும். அப்புறம் கணினியில் கொள்குறித் தேர்வு. நம் ஊரில் எல்லோரும் அதைப் 'புரோமெட்ரிக்' என்றே சொல்கிறோம். துபாய்க்கு டி.எச்.ஏ., அபுதாபிக்கு டி.ஓ.எச்., மற்ற எமிரேட்டுகளுக்கு மொஹாப், சவூதிக்கு அந்த நாட்டுச் சுகாதாரக் கமிஷன் என்று உரிமம் தரும் அமைப்புகள் வேறு வேறு. தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரி தனி மொழித் தேர்வு பொதுவாகக் கேட்பதில்லை. எழுத்து ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் எதிர்பார்க்கப்படுவது. சவூதியில் பி.எஸ்சி. முடித்தவரை ஸ்பெஷலிஸ்ட் என்றும் டிப்ளமோக்காரரை டெக்னீஷியன் என்றும் வகைப்படுத்துவார்கள். பார்க்கிற வேலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சம்பளத்தில் இருக்கும்.

இந்த வழியில் ஆளைத் தடுக்கிறது தேர்வு அல்ல, டேட்டாஃப்ளோதான். அவர்கள் நீங்கள் கொடுத்த தாளை மட்டும் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகம், நர்சிங் கவுன்சில், பழைய மருத்துவமனை என்று ஒவ்வோர் இடத்துக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் அந்த மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போடவில்லை. 'சரிபார்க்க இயலவில்லை' என்று அறிக்கை வந்தது. இரண்டு முறை பஸ் ஏறிப் போய், அலுவலக வாசலில் காத்திருந்து, பதில் அனுப்ப வைப்பதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அதற்குள் கையிலிருந்த வேலை வாய்ப்பும் போனது. எனவே ஒரு வேலையை விடும்போதே அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வார்டு, எத்தனை படுக்கை, கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, மருத்துவமனையின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'நன்னடத்தை' என்று ஒரு வரி எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

வரி கிடையாது, தங்குமிடமும் போக்குவரத்தும் பல இடங்களில் மருத்துவமனையே தரும், வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு டிக்கெட். வருகிற பணத்தில் பெரும் பகுதியை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம். என் தம்பியின் படிப்பும் எங்கள் வீட்டின் மேல்தளமும் சவூதிக் காசில் வந்தவை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஐந்து வருடம் ஆனாலும் பதினைந்து வருடம் ஆனாலும் ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். துபாய் ஹெல்த்தில் 15 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த நர்ஸுகளுக்கு கோல்டன் விசா என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். அது நல்ல செய்திதான், ஆனால் மிகச் சிலருக்கானது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நர்ஸுகளிடம் ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் பறித்த புகார்கள் குவிந்ததால், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று 2015-இல் இந்திய அரசு உத்தரவிட்டது. ஆள் எடுக்கும் பொறுப்பையும் அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது ஓ.எம்.சி.எல்., 1978-இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். "விசாவுக்கு நாலு லட்சம்" என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2014-இல் இராக்கின் திக்ரித் மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸுகள் போருக்கு நடுவே சிக்கினார்கள். பெரும்பாலும் கேரளப் பெண்கள், ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர். சம்பளம் வராமல், வாங்கிய கடன் அடையாமல் எப்படி ஊருக்குத் திரும்புவது என்று அவர்களில் சிலர் அந்த நிலையிலும் தயங்கினார்கள். குண்டுச் சத்தத்தைவிடக் கடன் பெரிதாகத் தெரியும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளுவது அந்த நாலு லட்சம்தான்.

இங்கிலாந்து: பேசிக்கொண்டே செய்ய வேண்டிய தேர்வு

இங்கே நர்ஸுகளின் கவுன்சில் என்.எம்.சி. முதலில் ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5, மொத்தம் 7. இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் மூன்றில் 350, எழுதுதலில் 300. இரண்டில் எது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வார்டில் நிஜமாக வேலை பார்த்தவருக்கு ஓ.இ.டி. என்பதே என் பதில். கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அங்கே எழுதச் சொல்வது நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பும் கடிதம், பேசச் சொல்வது நோயாளியுடன். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் கலைக்கு அரசு செலவிடலாமா என்பதைப் பற்றியும் 250 சொல் எழுதத் திணறும் பெண், டிஸ்சார்ஜ் கடிதம் என்றால் கோர்வையாக எழுதிவிடுகிறாள்.

அடுத்தது சி.பி.டி. என்ற கணினித் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். மருந்தளவுக் கணக்கு ஒரு பகுதி, நர்சிங் கேள்விகள் இன்னொரு பகுதி. ஒழுங்காகப் படித்தவர் தாண்டிவிடுவார், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வேலை, விசா, பயணம். இறங்கிய பிறகுதான் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு.

ஆஸ்கியில் பத்து நிலையங்கள். நான்கு ஒன்றோடொன்று கோர்த்தவை: நோயாளியை மதிப்பிடு, திட்டமிடு, செய், விளைவைப் பார். நான்கு கைத்திறன் சார்ந்தவை. இரண்டு எழுத்தில். பாடமாகப் பார்த்தால் நாம் இரண்டாம் ஆண்டிலேயே செய்தவைதான். தோற்பது வேறு இடத்தில். நம் ஊர் வார்டில் நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர். வாயைத் திறக்க நேரமில்லாமல் கையால் வேலையை முடித்துப் பழகிவிட்டோம். இங்கே கை செய்வதை வாய் சொல்ல வேண்டும். உங்கள் பெயர், நோயாளியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பது, சம்மதம், கைப்பட்டையில் பெயரும் பிறந்த தேதியும், ஒவ்வாமை உண்டா, மருந்துச் சீட்டில் தேதி, நேரம், கையெழுத்து. ஒவ்வாமையைக் கேட்க மறந்தால், மற்றதெல்லாம் அழகாகச் செய்திருந்தாலும் அந்த நிலையம் போச்சு. எனக்கு முதல் முறை அப்படித்தான் ஒன்று போனது. கோபமாக இருந்தது. இப்போது வார்டில் அதே கேள்வியைக் கேட்டதால் பெனிசிலின் ஒவ்வாமை உள்ள ஒருவரைக் காப்பாற்றிய பிறகு அந்தக் கோபம் இல்லை.

ஒரு முறை எழுத 794 பவுண்டு. சில நிலையங்களில் மட்டும் தவறினால் மறுபடி எழுதப் பாதிக் கட்டணம். வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் முதல் முறை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் பதிவு எண் வாங்கிவிட வேண்டும் என்பது விசா விதி. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் மருத்துவமனை விசா ஆதரவை விலக்கிக்கொள்ளலாம். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவமனைகள் முதல் ஆஸ்கி, விசா, டிக்கெட், முதல் சில வார வாடகையை ஏற்பது வழக்கம். ஆள் சேர்ப்பதற்காக உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்று இந்நாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது 'முன்னதாக விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை' என்ற பத்தி. மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறைகிறதா, தேர்வில் தோற்று விலக்கப்பட்டாலும் கட்ட வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சம்பளம்: 2025-26 கணக்கில் இங்கிலாந்தில் புதிய நர்ஸ் சேரும் சம்பளப் படியான பேண்ட் 5-இன் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போகக் கையில் மாதம் 2,000 பவுண்டை ஒட்டி வரும். லண்டனை விட்டு வெளியே தனி வீடு எடுத்தால் அதில் பாதி வாடகைக்கும் கவுன்சில் வரிக்கும் மின்சாரத்துக்கும் போய்விடும். இதை 120-ஆல் பெருக்கி ரூபாயில் பார்த்து மயங்காதீர்கள். சவூதியில் நான் சேமித்த அளவு இங்கே முதல் மூன்று வருடம் என்னால் சேமிக்க முடியவில்லை. ஆனால் கணவரும் பிள்ளையும் கூட இருக்கிறார்கள், பிள்ளையின் பள்ளிக்குச் செலவில்லை. சவூதியில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போதைய நிலவரத்தையும் மறைக்கக் கூடாது. 2022, 2023-இல் திறந்து கிடந்த கதவு இன்று பாதி சாத்தியிருக்கிறது. வெளிநாட்டு நர்ஸுகளை எடுப்பதை மருத்துவமனைகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. இங்கேயே படித்து முடிக்கும் பிள்ளைகளே வேலை தேடி அலைகிறார்கள். 2025 ஜூலையோடு கேர் ஒர்க்கர் விசாவில் புதிதாக ஆள் வருவதும் நின்றது. "கேர் ஒர்க்கரா போயிட்டு அப்புறம் நர்ஸ் ஆயிடலாம்" என்று இன்னும் யாராவது விற்றுக்கொண்டிருந்தால் அது ஏமாற்று. நிரந்தர வசிப்புரிமைக்கான 5 ஆண்டை 10 ஆக்கலாம் என்ற முன்மொழிவும் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வந்தது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு இங்கிலாந்தை முதல் தேர்வாக நான் சொல்வதில்லை.

ஜெர்மனி: முதலில் மொழி, பிறகுதான் மற்றதெல்லாம்

என் சித்தி மகளுக்கு நான் சொன்னது ஜெர்மனி. அவளுக்கு அப்போது 23 வயது, ஜி.என்.எம்., ஒரு வருட அனுபவம், கடன் கிடையாது, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுதலில் இரண்டு முறை 6. மூன்றாவது முறைக்குப் பணம் கட்டப் போனவளை நிறுத்தி, அதே உழைப்பை ஜெர்மனில் போடச் சொன்னேன்.

ஜெர்மனியில் நர்சிங் என்பது பெரும்பாலும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி, பட்டப்படிப்பு கட்டாயமில்லை. அதனால் ஜி.என்.எம். படித்தவரை அங்கே கீழாகப் பார்ப்பதில்லை. மொழி மட்டும் ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி ஏற வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தால் பத்து மாதம், ஒரு வருடம் ஆகும். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை கோத்தே நிறுவனத்தில் பி2 தேர்வை நான்கு பகுதிகளாக எழுதலாம். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும், அது ஒரு நல்ல ஏற்பாடு.

அவள் அடிக்கடி சொல்லும் ஒன்று: ஜெர்மனில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறு பெண் அஃறிணை மாதிரி. இதுதான் முதல் ஆறு மாதம் உயிரை எடுத்ததாம். ஆனால் 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் தமிழ் மாதிரியே கடைசியில் போய் உட்காரும். வகுப்பில் மற்றவர்கள் திணறிய அந்த இடம் தனக்குச் சுலபமாக வந்தது என்றாள்.

மொழிக்குப் பிறகு அங்கீகாரம். எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநில அலுவலகம் உங்கள் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, எது குறைகிறது என்று ஒரு கடிதம் தரும். அந்தக் குறையை இரண்டு வழியில் நிரப்பலாம். ஒன்று, மருத்துவமனையிலேயே சில மாதம் நடக்கும் இணக்கப் பயிற்சி. இன்னொன்று, கென்ட்னிஸ்ப்ரூஃபுங் என்ற தேர்வு: தேர்வாளர்கள் முன்னால் நிஜ வார்டில் நிஜ நோயாளியைப் பார்த்து, பின் வாய்மொழியாகப் பதில் சொல்வது. தேர்வு சீக்கிரம் முடியும், ஆனால் தவறினால் மறுவாய்ப்பு ஒன்றுதான். சித்தி மகள் பயிற்சியை எடுத்தாள். மொழியில் இன்னும் பயம் இருப்பவருக்கு அதுவே சரி.

இந்த அங்கீகாரம் வரும் வரை நீங்கள் உதவியாளர்தான். எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு: 2025 ஜூலை நிலவரப்படி முதியோர் பராமரிப்புத் துறையில் பயிற்சி இல்லாத உதவியாளருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற நர்ஸுக்கு 20.50. வரியும் காப்பீடும் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

போகிறவர்கள் மனதைத் தயார் செய்ய வேண்டிய இன்னொன்று உண்டு. அங்கே குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, உடை மாற்றுவது எல்லாமே நர்ஸின் வேலை. நம் ஊரில் ஆயா அக்காவும் உறவினரும் செய்வது. அதே நேரம் ஊசிக் குழாய் போடுவது, ரத்தம் எடுப்பது போன்றவற்றைப் பல மருத்துவமனைகளில் டாக்டர்கள் செய்கிறார்கள். "நாலு வருஷம் படிச்சது இதுக்கா?" என்று முதல் மாதம் எல்லோரும் கேட்பார்கள். ஒரு முதியவருக்கு முகம் துடைத்துவிடும்போதே தோல், மூச்சு, நினைவு, பசி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியும் என்று சித்தி மகள் இப்போது சொல்கிறாள். நர்சிங்கின் வேர் அதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தீவிர சிகிச்சையில் கைதேர்ந்து, அதையே தொடர விரும்புகிறவர் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் ஜெர்மனி நியாயமானது. மொழிப் பயிற்சி முதல் டிக்கெட் வரை முதலாளி ஏற்கும் திட்டங்கள் நிறைய. கேரளத்தில் நோர்க்கா என்ற மாநில அரசு அமைப்பு வழியாக நடக்கும் டிரிபிள் வின் அப்படிப்பட்ட அரசுத் திட்டம். நம் ஓ.எம்.சி.எல்.லின் ஜெர்மனி அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். தனியார் நிறுவனம் என்றால், நியாயமான ஆள் சேர்ப்புக்காக ஜெர்மன் அரசு தரும் தர முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்று வேலையில் நிலைத்துவிட்டால் மூன்று ஆண்டில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

அயர்லாந்து

ஆங்கிலத்தில் 7 எடுத்துவிட்ட, அனுபவம் உள்ள நர்ஸுக்கு இன்று நான் முதலில் சொல்வது இதைத்தான். கவுன்சில் என்.எம்.பி.ஐ. ஆங்கில மதிப்பெண் ஏறக்குறைய இங்கிலாந்து மாதிரியே, ஆனால் 6.5 எந்த ஒரு பிரிவில் வந்தாலும் ஏற்பார்கள். நம் விஷயத்தில் எழுதுதல்தான் இடறும் என்பதால் பெரிய வித்தியாசமில்லை. ஆவணங்களைப் பார்த்து ஒரு முடிவுக் கடிதம் தருவார்கள். அப்புறம் டப்ளினில் ஆர்.சி.எஸ்.ஐ. நடத்தும் தகுதித் தேர்வு, அல்லது மருத்துவமனையிலேயே 6 முதல் 12 வாரம் மேற்பார்வையில் வேலை. இடைப்பட்ட காலம் குறுகியது. வேலை அனுமதி கிடைத்தபின் இரண்டே ஆண்டில் முதலாளியைச் சாராத ஸ்டாம்ப் 4 வசிப்பு அனுமதி. கணவரோ மனைவியோ வேலைக்குப் போகலாம். வாடகைதான் கழுத்தை நெரிக்கும், டப்ளினில் வீடு கிடைப்பதே பாடு. கவுன்சிலின் கடிதத்துக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

அமெரிக்கா: எங்கே பிறந்தீர்கள்?

அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை சென்னையிலேயே எழுதலாம். 85 கேள்வியில் நிற்கலாம், 150 வரையும் போகலாம், உங்கள் பதிலைப் பொறுத்துக் கணினி அடுத்த கேள்வியை எடுக்கும். தேர்வு கடினம்தான், ஆனால் பாஸ் செய்கிறவர்கள் ஏராளம். பிரச்சினை அதற்குப் பிறகு. நர்ஸுகள் போவது இ.பி.3 என்ற நிரந்தரக் குடியேற்றப் பிரிவில். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை நீண்டு கிடக்கிறது. 2025-இல் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது 2013-இல் விண்ணப்பித்தவர்களின் கோப்புகளை. "ரெண்டு வருஷத்துல அமெரிக்கா" என்று பயிற்சி மையங்கள் சொல்வதை இந்த 2013 கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறது. என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி அவள் அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவள். இந்தியப் பாஸ்போர்ட்தான், இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கணவர் இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராக இருந்தாலும் அவர் பிறந்த நாட்டுக் கணக்கில் இருவரும் போகலாம். நம்மில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. பலருக்கு இது தெரிவதே இல்லை. அப்படி யாராவது இருந்தால் மற்ற நாடுகளை யோசிக்கும் முன் இதை யோசியுங்கள். மற்றவர்களுக்கும் என்கிளெக்ஸ் வீண் இல்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது செல்லும்.

ஆஸ்திரேலியா என்றதும் ஒன்று. நேரடியாகப் போவதானால் என்கிளெக்ஸும் அங்கே போய் ஒரு ஆஸ்கியும். ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தேர்வுகள் இல்லாமல் ஒரு குறுக்கு வழி திறந்திருக்கிறார்கள். 1,800 மணி என்பது முழுநேர வேலையில் ஏறக்குறைய ஒரு வருடம். அதனால் அயர்லாந்தையோ சிங்கப்பூரையோ கடைசி ஊராக நினைக்காமல் முதல் ஊராக நினைக்கலாம். வளைகுடா அனுபவத்துக்கு இந்தச் சலுகை இல்லை. நான் சவூதியில் கழித்த ஐந்து வருடம் இந்தக் கணக்கில் சேராது என்பது எனக்கு வருத்தம்தான்.

மைனியும் நாத்தனாரும்

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். 34 வயது, ஒன்பது வருட ஐ.சி.யூ. அனுபவம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் மாதம் 22,000. "மைனி, நீங்க என்ன சொல்லுதியளோ அதுதான்" என்றாள். அப்படி விட்டுவிடக் கூடாது என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன்.

ஜெர்மனிக்கு ஒரு வருடம் மொழி, அதற்குள் சம்பளம் நின்றால் கடன் தவணை நிற்கும். அமெரிக்க வரிசையில் நின்றால் மூத்தவன் கல்லூரிக்குப் போய்விடுவான். இங்கிலாந்தில் இப்போது வேலை கிடைப்பதே உறுதியில்லை. மிச்சம் அயர்லாந்தும் சவூதியும். வேலையில் இருந்துகொண்டே ஓ.இ.டி.க்குப் படிக்கலாம். இரண்டு முறை எழுதிப் பார்ப்பது, கிடைத்தால் அயர்லாந்து. கிடைக்காவிட்டால் ஓ.எம்.சி.எல். வழியாகச் சவூதி, இரண்டு ஒப்பந்தத்தில் கடனை முடித்துவிட்டு மறுபடி யோசிப்பது. மூன்றாவது முறை ஓ.இ.டி. கிடையாது என்பதை மட்டும் அவள் கணவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று தேர்வுக் கட்டணத்திலேயே இரண்டு லட்சம் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தேர்வுத் தேதி எடுப்பதற்கு முன் ஆவணங்கள். ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. மதிப்பெண்ணை இரண்டு வருடத்துக்குத்தான் ஏற்பார்கள், சி.பி.டி.க்கும் அப்படியே. ஆங்கிலத்தில் பாஸ் ஆகிவிட்டு, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கும் கவுன்சில் தரும் 'கூட் ஸ்டாண்டிங்' நற்சான்றுக்கும் ஒரு வருடம் அலைந்து, கடைசியில் மதிப்பெண் காலாவதியானவர்கள் உண்டு. டிரான்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மனநல நர்சிங், குழந்தை நர்சிங், சமூக நர்சிங் மணி நேரம் விடுபட்டால் ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் அதையே குறையாக எழுதுவார்கள். கவுன்சில் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதும் முக்கியம். நம் ஊர் இனிஷியல் முறையால் நாத்தனாரின் பெயரே மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், கவுன்சில் பதிவில் கணவர் பெயர்.

அதைச் சரிசெய்ய நாளைக்கு நோட்டரியிடம் போகிறாள். ஓ.இ.டி. தேதி அதற்கப்புறம்.